பரணில் கிடந்த எலக்ட்ரிக் கிட்டார்: கறுப்புப் பெயின்டை எப்படி எடுப்பது, பிக்கப்புக்காக மரத்தை வெட்டலாமா?

பழங்காநத்தம் தம்பி:

எல்லாருக்கும் வணக்கம். என் தாய்மாமா 80-களின் கடைசியில் வாங்கிய கிட்டார் ஒன்று இப்போது என்னிடம் வந்திருக்கிறது. கல்கத்தாவில் செய்தது, ஃபெண்டர் கம்பெனியின் ஸ்ட்ராட் வடிவம், மூன்று சிங்கிள் காயில் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றுகிற, ஒற்றைச் சுருள் சுற்றிய காந்தம்). மேலூர், நத்தம், உசிலம்பட்டிப் பக்கம் பங்குனி, சித்திரைத் திருவிழா வந்துவிட்டால் மாமா வீட்டில் தங்க மாட்டார், லைட் மியூசிக் கச்சேரி, விடிய விடிய. குழு கலைந்ததும் கிட்டார் பரண் ஏறிவிட்டது. இந்தத் தீபாவளிக்கு வெள்ளையடிக்கும்போது இறக்கினோம், "நீயே வச்சுக்கடா" என்று கொடுத்துவிட்டார்.

அதன் மேல் யாரோ கதவுக்கு அடிக்கிற கறுப்பு எனாமலை பிரஷ்ஷால் பூசியிருக்கிறார்கள். பிரஷ் போன தடம் அப்படியே தெரிகிறது, ஓரங்களில் பெயர்ந்த இடத்தில் அடியில் சிவப்பு இருக்கிறது. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மரம் தெரிகிற மாதிரி பாலிஷ் போட வேண்டும் என்பது ஆசை. நேற்று 80 நம்பர் உப்புத்தாளை வைத்துப் பின்பக்கம் ஒரு மணி நேரம் தேய்த்தேன். தாள் முழுக்கக் கறுப்புப் பிசின் அடைத்துக்கொண்டது, உள்ளங்கை அளவு இடத்தில் சிவப்பும் போய் மரமும் கீறிவிட்டது. மனசு கஷ்டமாகிவிட்டது, நிறுத்திவிட்டேன்.

இன்னொன்று, ஆம்ப்பில் போட்டால் "ங்ங்ங்" என்று இரைச்சல், ட்யூப்லைட் எரிந்தால் இன்னும் அதிகம். பிரிட்ஜ் (பாடியில் கம்பிகள் உட்காரும் இடம்) பக்கம் ஹம்பக்கர் என்ற இரட்டைக் காயில் பிக்கப் போட்டால் நிற்கும் என்கிறார்கள், ஆனால் அதற்கு மரத்தைக் குடைய வேண்டும். பக்கத்துத் தெரு ஆசாரியிடம் கொடுத்துக் குடைந்துவிடலாமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

மூணாவது ஸ்டாப்:

தம்பி, நிறுத்தியது நல்ல காரியம். இனி அந்தக் கிட்டாரை உலர்ந்த உப்புத்தாளால் தேய்க்கவே தேய்க்காதீர்கள். பழைய எனாமலில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். நம் நாட்டில் வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) தாண்டக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது, உங்கள் மாமா கிட்டாரில் இருப்பது அதற்கு எவ்வளவோ முந்தின சரக்கு. அந்தத் தூசி வீட்டுக்குள் பறந்தால் சின்னப் பிள்ளைகளுக்கு ரொம்பக் கெடுதல். தேய்த்த இடத்தைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்து எடுங்கள், துணியையும் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

அடுத்தது, அது என்ன மரம் என்று பார்த்தீர்களா? பிக்கார்டை, அதாவது முன்பக்கம் திருகியிருக்கும் தகட்டைக் கழற்றி, பிக்கப் உட்காரும் குழியின் பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். கோடு கோடாக அடுக்கு தெரிந்தால் ப்ளைவுட். அப்படியானால் மரம் தெரிகிற பாலிஷ் ஆசையை விட்டுவிடுங்கள். மேல் அடுக்கு காகிதம் மாதிரி இருக்கும், கொஞ்சம் அதிகமாகத் தேய்த்தால் அடுத்த அடுக்கு எட்டிப் பார்க்கும். ஓரங்களில் அடுக்குகளின் வாய் தெரியும், அது பாலிஷை எவ்வளவு ஊற்றினாலும் குடித்துக்கொண்டே இருக்கும். நான் எட்டு வருஷத்துக்கு முன் அப்படி ஒன்றில் மூன்று மாதம் உழைத்துவிட்டுக் கடைசியில் கெட்டிக் கலர்தான் அடித்தேன்.

அந்தச் சிவப்பு என்ன பெயின்ட் என்றும் தெரிய வேண்டும். வெளியே சோதிக்காதீர்கள், பிக்கார்டுக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னர் ஒரு சொட்டு பஞ்சில் நனைத்து வையுங்கள். அரை நிமிஷத்தில் பிசுபிசுத்துப் பஞ்சில் சிவப்பு ஏறினால் அது லேக்கர். ஒன்றும் ஆகாமல் கல் மாதிரி இருந்தால் பாலியஸ்டர் அல்லது பி.யூ. (பாலியூரிதேன்). கல் மாதிரி இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம், ஏன் என்று பார்த்துச் சொன்ன பிறகு எழுதுகிறேன்.

மேலூர் தச்சுப்பட்டறை:

பிக்கப் விஷயம் நான் சொல்கிறேன். குடைவது பெரிய வேலை இல்லை, ஆனால் உளியால் அடித்துக் குடைய விடாதீர்கள், ப்ளைவுட் என்றால் அடுக்கு பிய்த்துக்கொண்டு வரும். 12 மி.மீ. பலகையில் ஹம்பக்கர் அளவுக்கு ஓட்டை போட்டு அதை அச்சாக வைத்து, பேரிங் வைத்த பிட் மாட்டிய டிரிம்மரால் (மரம் குடைகிற சின்ன கை மெஷின்) ஒரு தடவைக்கு 3 மி.மீ. என்று இறங்க வேண்டும். பாடி மொத்தமே 44, 45 மி.மீ. கனம்தான், அதில் 20 மி.மீ. ஆழம் போதும். முதலில் ட்ரில்லால் நடுவில் உள்ள சதையை எடுத்துவிட்டால் டிரிம்மருக்குச் சிரமம் இருக்காது. ஓரம் கொஞ்சம் முன்னப்பின்ன ஆனாலும் பிக்கார்டு மூடிவிடும்.

கிட்டாரை எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், பட்டறை சும்மா இருக்கும், அரை மணி நேர வேலை.

நெக் (கம்பி ஓடுகிற நீளமான கழுத்து) மாட்டுகிற திருகு ஓட்டை பெரிதாகி ஆடுகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். நிறையப் பேர் எம்-சீல் வைத்து அடைக்கிறார்கள், அது திருகைப் பிடிக்காது, உதிரும். தேக்குக் குச்சியைச் சீவி ஃபெவிகால் தடவி இறக்கி, ஒரு நாள் காயவிட்டு, மறுபடி சின்ன ஓட்டை போட்டுத் திருகினால் ஆயுசுக்கும் நிற்கும்.

மூணாவது ஸ்டாப்:

மேலூர் அண்ணே, உங்கள் கைவேலை மேல் எனக்கு மரியாதை உண்டு, ஆனாலும் இதில் ஒத்துப்போக முடியவில்லை. வெட்டிய மரம் திரும்ப வராது. சிங்கிள் காயில் அளவிலேயே உள்ளுக்குள் இரண்டு காயில் வைத்த ஹம்பக்கர் கிடைக்கிறது, அதே குழியில் உட்காரும். அதுவும் அப்புறம்தான். முதலில் இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும்.

தம்பி, இரைச்சல் வரும்போது கம்பியைத் தொடுங்கள். தொட்டதும் குறைந்தால், உள்ளே வயர்களுக்குக் கவசம் இல்லை என்று அர்த்தம். குழி முழுக்கவும் பிக்கார்டின் அடிப்பக்கமும் செம்புத் தகடு டேப் ஒட்டி, ஒரு துண்டுக்கும் அடுத்த துண்டுக்கும் தொடர்பு இருக்கிறதா என்று மல்டிமீட்டரில் பார்த்துவிட்டு, மொத்தத்தையும் கிரவுண்டோடு சேர்த்துவிடுங்கள். உட்கார்ந்த இடத்தில் கிட்டாரைத் திருப்பினால் இரைச்சல் ஏறி இறங்குகிறது என்றால் அது ட்யூப்லைட் சோக், டிரான்ஸ்ஃபார்மர் இவற்றின் காந்தப்புலம், செம்பு டேப் அதைத் தடுக்காது. அதற்குத்தான் ஹம்பக்கர். 1955-ல் கிப்சன் கம்பெனியில் சேத் லவர் அதைச் செய்ததே இந்த இரைச்சலை ஒழிக்கத்தான், இரண்டு காயிலை எதிரெதிராக இணைத்தால் இரைச்சல் ஒன்றை ஒன்று அடித்துவிடும், கம்பியின் சத்தம் மட்டும் சேர்ந்து வரும்.

கம்பியைத் தொடும்போது விரலில் சுள்ளென்று ஷாக் அடித்தால் உடனே நிறுத்திவிடுங்கள். வீட்டு ப்ளக்கில் எர்த் ஒழுங்காக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்க்காமல் மறுபடி வாசிக்க வேண்டாம்.

பழங்காநத்தம் தம்பி:

ரொம்ப நன்றி அண்ணன்களே. பார்த்தேன். ப்ளைவுட்தான், குழிக்குள் ஏழெட்டு அடுக்கு எண்ண முடிகிறது. தின்னர் வைத்ததில் சிவப்பு அசையவே இல்லை, பஞ்சு வெள்ளையாகவே இருந்தது. கம்பியைத் தொட்டால் இரைச்சல் நன்றாகக் குறைகிறது, ஷாக் எதுவும் இல்லை.

மரம் தெரியாது என்றதும் முதலில் ஏமாற்றமாக இருந்தது. அம்மாவிடம் சொன்னேன், "அண்ணன் அந்தச் சிவப்புக் கிட்டாரோடதான் என் கல்யாணத்துல வாசிச்சாரு" என்றார். அது கறுப்பாக இல்லாத காலம் ஒன்று இருந்ததே எனக்கு அப்போதுதான் உறைத்தது. இப்போது சிவப்பைக் காப்பாற்ற முடியுமா என்றுதான் கேட்கிறேன்.

மூணாவது ஸ்டாப்:

முடியும், அதைத்தான் அதிர்ஷ்டம் என்றேன். எனாமல் தின்னருக்கு வழிவிடும், அடியில் உள்ள சிவப்பு வழிவிடாது. எல்லா இரும்புச் சாமானையும் கழற்றுங்கள். மொட்டை மாடியில், வெயில் படாத பக்கம், நைட்ரில் கையுறை போட்டுக்கொண்டு, தின்னரில் நனைத்த துணியைச் சாண் அகலத்துக்கு விரித்து மேலே ஒரு பாலித்தீன் தாளால் மூடுங்கள். ஐந்து நிமிஷத்தில் கறுப்பு சுருங்கி, ஆறிய பால் ஆடை மாதிரி எழும்பும். பழைய ஏ.டி.எம். கார்டால் சுரண்டுங்கள், இரும்புப் பட்டை வேண்டாம். ஒரு சாண் முடிந்து அடுத்த சாண். அவசரப்பட்டு முழுக்க ஊற்றினால் கறுப்புக் கரைசல் மரம் தெரிகிற இடங்களில் எல்லாம் இறங்கி ஊறிவிடும், முக்கியமாக நீங்கள் உப்புத்தாள் போட்ட இடத்தில். அங்கே முதலிலேயே டேப் ஒட்டி மறைத்துவிடுங்கள். பக்கத்தில் அடுப்பு, ஊதுபத்தி, பீடி, சிகரெட் எதுவும் இருக்கக் கூடாது.

செல்லூர் டேங்க் பெயின்டர்:

நான் பைக் டேங்குக்குப் பெயின்ட் அடிப்பவன், கிட்டார் இதுவரை நாலு அடித்திருக்கிறேன். கார் பெயின்ட் அடித்தால் சத்தம் கெட்டுவிடும் என்று பயந்துகொண்டே வருவார்கள். ஃபெண்டர் கம்பெனி 50, 60-களில் கலர் கிட்டார்களுக்கு அடித்ததே டூபான்ட் கம்பெனியின் கார் பெயின்ட்தான். அவர்களுடைய ஃபியஸ்டா ரெட், 1956 ஃபோர்டு தண்டர்பேர்டு காருக்கு வந்த கலர். நம் ஊரில் பட்டறைக்குப் பட்டறை "டூகோ அடிக்கிறது" என்கிறோமே, அந்த டூகோ டூபான்ட் 1920-களில் கொண்டுவந்த நைட்ரோசெல்லுலோஸ் பெயின்டின் பெயர். அதனால் கவலையே வேண்டாம்.

பின்பக்கம் கீறின இடத்துக்கு என்.சி. சான்டிங் சீலர் (மரத்தின் துளைகளை அடைக்கிற அடிப்பூச்சு) மூன்று கை, 320 தாள், மறுபடி சீலர், மட்டம் வந்த பிறகு சிவப்பு. சுற்றியுள்ள பழைய சிவப்பை 400 வாட்டர் பேப்பரால் மங்கலாக்கினால்தான் புதுசு அதன் மேல் பிடிக்கும். தண்ணீர் தொட்டுத் தேய்க்கும்போது திருகு ஓட்டைகளில் மெழுகு வைத்து அடைத்துவிடுங்கள், தண்ணீர் இறங்கினால் ப்ளைவுட் உப்பி ஓட்டையைச் சுற்றி வெடிக்கும். நெக் உட்காரும் பள்ளத்தில் டேப் ஒட்டுங்கள். அங்கே பெயின்ட் ஏறினால் நெக் சரியாக உட்காராது, கம்பி உயரம் மாறிவிடும்.

ஆனால் இப்போது அடிக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழை ஈரத்தில் என்.சி. அடித்தால் பால் ஊற்றின மாதிரி வெளுத்துவிடும். சித்திரை வெயிலில் அடித்தால் பெயின்ட் போய் உட்காருவதற்குள் காய்ந்து சொரசொரக்கும், ஆடியில் காற்று மண்ணை அள்ளிக் கொட்டும். தை பிறக்கட்டும், காலை ஒன்பது மணிக்கு மேல் பனி விலகினதும் அடிக்கலாம். மெல்லிசாக, ஒரு நாளைக்கு மூன்று கை போதும். அடித்து முடித்து நாலு வாரம் தொங்கவிட வேண்டும். நகம் வைத்தால் தடம் விழாது என்று பத்தாம் நாளே தோன்றும், நம்பாதீர்கள், உள்ளே தின்னர் இன்னும் போய்க்கொண்டிருக்கும், பாலிஷ் போட்ட பிறகு அமுங்கி மரத்தின் கோடு மேலே தெரியும். நாலு வாரம் கழித்து 1500, 2000 வாட்டர் பேப்பர், அப்புறம் பளபளப்பு ஏற்றுகிற கம்பவுண்ட்.

ஹார்டனர் கலக்குகிற பி.யூ. பெயின்டை வீட்டில் அடிக்க வேண்டாம். அதில் உள்ள ஐசோசயனேட் நுரையீரலைப் பிடிக்கும், துணி மாஸ்க் அதற்கு ஒன்றுக்கும் ஆகாது. என்.சி.க்கும் கரி ஃபில்டர் வைத்த மாஸ்க் போடுங்கள், என் பழைய கூட்டாளிகள் இரண்டு பேர் மூச்சுக்கு இழுப்பதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

பழங்காநத்தம் தம்பி:

மாசி பிறந்து கடைசி வாரம் ஆகிவிட்டது, இன்றுதான் எழுத முடிந்தது. கறுப்பு எடுக்க ஐந்து ஞாயிற்றுக்கிழமை பிடித்தது. அண்ணன் சொன்ன மாதிரியே ஆடை ஆடையாக வந்தது. முன்பக்கச் சிவப்பு ஒரு குறையும் இல்லாமல் வந்துவிட்டது, மூன்று இடத்தில் மட்டும் சில்லு போயிருந்தது, செல்லூர் அண்ணன் கலக்கிக் கொடுத்த சிவப்பைச் சின்ன பிரஷ் நுனியால் சொட்டு வைத்து, காய்ந்ததும் மட்டம் பண்ணிவிட்டேன். பின்பக்கம் தை மூன்றாம் நாள் அவர் கையாலேயே அடித்துக் கொடுத்தார். செம்பு டேப் ஒட்டியதில் இரைச்சல் முக்கால்வாசி போய்விட்டது, குடையவில்லை. மேலூர் அண்ணன் கோபித்துக்கொள்ள வேண்டாம், நெக் திருகுக்குத் தேக்குக் குச்சி நீங்கள் சொன்னபடிதான் இறக்கினேன், ஆடவே இல்லை.

ஒரு சந்தேகம். கறுப்பை எடுத்ததும் மேல் வளைவில், வலது முன்கை படுகிற இடத்தில், கொய்யா இலை அளவுக்குச் சிவப்பே இல்லை, வெறும் மரம், தொட்டால் வழவழவென்று இருக்கிறது. மாமாவை வரச் சொல்லிக் காட்டினேன். மடியில் வைத்துக் கையைப் போட்டார், கை சரியாக அந்த இடத்தில் போய் உட்கார்ந்தது. குழுவில் எல்லாரும் கறுப்புச் சட்டை என்று முடிவு பண்ணினபோது வீட்டுக் கதவுக்கு வாங்கினதில் மிச்சம் இருந்த எனாமலை அவரேதான் பூசினாராம். இந்த இடத்தை மூடச் சொல்லி வீட்டில் சொல்கிறார்கள், எனக்கு மனசு வரவில்லை. அப்படியே விட்டால் வேர்வை இறங்கி அடுக்கு பிரியுமா?

செல்லூர் டேங்க் பெயின்டர்:

விட்டால் பிரியும். கலர் வேண்டாம் தம்பி. அரக்கை ஸ்பிரிட்டில் மெல்லிசாகக் கரைத்து, பழைய பனியன் துணியில் பஞ்சு வைத்து முடிந்து, அந்த இடத்தில் மட்டும் பத்துப் பன்னிரண்டு தடவை துடைத்த மாதிரி போடுங்கள், ஒவ்வொன்றுக்கும் நடுவில் பத்து நிமிஷம். மரம் கொஞ்சம் தேன் நிறத்துக்கு வரும். வேர்வையில் ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒரு தடவை மங்கும், அப்போது மறுபடி அதே துணி, அதே அரக்கு.

மேலூர் தச்சுப்பட்டறை:

கோபம் என்ன தம்பி, நல்லா இருக்கட்டும். கம்பி 10-லிருந்து 46 செட் (கம்பியின் கனம், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) போடுங்கள், பழைய நெக், அதற்கு மேல் இழுவை கொடுக்காதீர்கள். போட்டதும் மாமாவை முதலில் வாசிக்கச் சொல்லுங்கள்.