மறு: ‘டாங்க் சைக்ளிங்’ – சுழற்சியேற்றமா, பக்குவமா?

அனைவருக்கும் வணக்கம்.

முதன்முதலாக மீன் தொட்டி வைப்பவருக்காகத் தமிழ்ச் சொற்களோடு நீங்கள் தொகுத்த கருவிப் பட்டியலைப் படித்தேன். தொட்டி, மூடி, விளக்கு, காற்றுக்கல் வரை சொற்கள் நன்றாகவே அமைந்திருக்கின்றன. எனக்கு இடிப்பது இந்த வரிதான்:

> சைக்ளிங்: நீர்ச் சுழற்சியேற்றம். மீன் விடும் முன் தொட்டியை 4 முதல் 6 வாரம் சுழற்சியேற்ற வேண்டும்.

இதைப் படிக்கிற புதியவர் என்ன செய்வார்? தண்ணீரை நிரப்பி, மோட்டாரை ஓடவிட்டு, ஆறு வாரம் காத்திருப்பார். தண்ணீர் பாட்டுக்குச் சுழன்றுகொண்டிருக்கும், வேறொன்றும் நடக்காது. அதன்பிறகு மீனை விட்டாலும் முதல் நாளே விட்ட கதைதான்.

இங்கே சுழற்சி என்பது நைட்ரஜன் சுழற்சி. மீன் தன் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றுகிறது. தின்னாமல் விட்ட தீனி அழுகினாலும் அதே அம்மோனியாதான். நைட்ரோசோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாக்கும். நைட்ரோஸ்பைரா அதை நைட்ரேட்டாக்கும். (இரண்டு வேலையையும் தனியாகவே முடிக்கும் நைட்ரோஸ்பைரா வகைகள் இருப்பது 2015-இல் தெரியவந்தது. நம் பட்டியலுக்கு அது வேண்டாம்.) அம்மோனியாவும் நைட்ரைட்டும் மீனைக் கொல்லும். நைட்ரேட் அந்த அளவுக்கு ஆபத்தில்லை, அவ்வப்போது கொஞ்சம் தண்ணீரை மாற்றினால் குறைந்துவிடும்.

ஆக, காத்திருக்கும் வாரங்களில் அந்த பாக்டீரியாக்கள் பெருக வேண்டும். அவற்றுக்கும் இரை வேண்டுமே! அம்மோனியாக் கரைசலைச் சில துளிகளோ, தினம் ஒரு சிட்டிகை மீன் தீனியோ போட்டு வந்தால்தான் பெருகும். ‘சுழற்சியேற்றம்’ என்ற சொல் படிப்பவரின் கண்ணை மோட்டார் பக்கம் திருப்பி, இதை மறைத்துவிடுகிறது.

> ‘தொட்டி பழக்குதல்’ என்று வைக்கலாமே?

இப்படி ஒருவர் கேட்டிருந்தார். அழகான சொல். ஆனால் வாங்கி வந்த மீனைப் பையோடு தொட்டியில் மிதக்கவிட்டு, வெப்பம் சமமானதும் தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கிறோமே, அதற்குத்தான் பழக்குதல் இயல்பாக வருகிறது. ஒரே பக்கத்தில் தொட்டியையும் பழக்கி மீனையும் பழக்கினால் குழப்பம்தான்.

என் பரிந்துரை: தொட்டிப் பக்குவம். ‘தொட்டியைப் பக்குவப்படுத்து’, ‘தொட்டி இன்னும் பக்குவப்படவில்லை’ என்று எந்தப் பக்கம் வளைத்தாலும் வளைகிறது. நாள் பிடிக்கும், அவசரப்படுத்தக் கூடாது என்பதும் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. பக்குவம் வடமொழி வழி வந்தது என்று யாராவது எழுதும் முன் நானே சொல்லிவிடுகிறேன். ‘பதம்’ இருக்கிறதே என்பீர்கள். மீன் பற்றிய பக்கத்தில் ‘பதப்படுத்துதல்’ என்று எழுதிப் பாருங்கள், படிப்பவருக்கு டப்பாவில் அடைத்த மீன்தான் நினைவுக்கு வரும்.

அடுத்தது ஃபில்டர். ‘வடிகட்டி’யை விட்டுவிட்டுத் தேற்றாங்கொட்டையை ஒட்டி ‘நீர்தேற்றி’ என ஆக்கலாம் என்று ஒருவர் எழுதியிருந்தார். சொல்லில் அழகு இருக்கிறது, மனமில்லாமல்தான் மறுக்கிறேன். தேற்றுவது என்றால் கலங்கலைத் தெளிய வைப்பது. பளிங்கு மாதிரி தெளிந்த தண்ணீரிலும் அம்மோனியா நிறமில்லாமல் கரைந்திருக்கும். பழகிய ‘வடிகட்டி’யே இருக்கட்டும், விளக்கத்தில் ‘பாக்டீரியா குடியிருக்கும் இடம்’ என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுவோம்.

மாற்ற வேண்டியது ‘வடிகட்டி ஊடகம்’ (ஃபில்டர் மீடியா). அதைப் படித்தால் செய்திச் சானல் போல இருக்கிறது! உள்ளே நிரப்புவதால் ‘நிரப்பு’ போதும்: பஞ்சு (ஸ்பாஞ்ச்) நிரப்பு, பீங்கான் நிரப்பு, கரி நிரப்பு. வாங்கும்போது புதியவர் பார்க்க வேண்டியதும் இதைத்தான். கரி நிறத்தையும் வாடையையும் இழுக்கும், அம்மோனியாவை இழுக்காது. மாதம் ஒருமுறை மொத்தமாகக் கழற்றி எறியச் சொல்லும் ‘கார்ட்ரிட்ஜ்’ நிரப்பு வகைகளில், அதோடு பாக்டீரியாவில் பெரும்பகுதியும் குப்பைக்குப் போய்விடும். 50, 60 லிட்டர் தொட்டிக்கு எளிய பஞ்சு வடிகட்டியே தாராளம். தொட்டித் தண்ணீரை ஒரு வாளியில் எடுத்து அதில் பஞ்சை நாலு பிழி பிழிந்தால் பழுப்பாகக் கசடு இறங்கும். பஞ்சில் லேசான வழவழப்பு மிச்சம் இருக்கும்போதே நிறுத்திவிட வேண்டும், அது அழுக்கில்லை, பாக்டீரியாப் படலம். குழாய்த் தண்ணீரில் கழுவினால் அதிலுள்ள குளோரின் அந்த பாக்டீரியாக்களைத் தீர்த்துக் கட்டிவிடலாம்.

பஞ்சு வடிகட்டி என்றதும் அதை இயக்கும் ‘ஆக்சிஜன் மோட்டார்’ வந்துவிடுகிறது. எல்லோர் வாயிலும் புழங்கும் பெயர், ஒழிக்க முடியாது. ஆனால் அது தள்ளுவது வெறும் காற்றுதான். குமிழிகள் மேலேறி நீர்ப்பரப்பைக் கலைப்பதால்தான் பெரும்பாலான ஆக்சிஜன் கரைகிறது. தலைச்சொல்லாகக் ‘காற்றுப் பம்பு’ என்று போட்டு, பேச்சு வழக்கு ‘ஆக்சிஜன் மோட்டார்’ எனப் பக்கத்தில் குறித்துவிடலாம். குழாயில் பொருத்தும் சின்ன வால்வை ஏன் பட்டியலில் விட்டீர்கள்? பம்பு நீர்மட்டத்துக்குக் கீழே இருந்து மின்சாரம் போனால், தண்ணீர் குழாய் வழியே திரும்பி இறங்கிப் பம்பையே நனைத்துவிடும். ‘ஒருவழி வால்வு’ என்றால் யாருக்கும் புரியும்.

ஹீட்டர் ஹீட்டராகவே இருக்கட்டும். லிட்டருக்கு ஏறக்குறைய 1 வாட் என்ற கணக்கையும், தங்கமீனுக்கு அது தேவையில்லை என்பதையும் சேர்த்தால் போதும்.

பதிவுக்கான வரைவு:

> தொட்டிப் பக்குவம்: அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் வடிகட்டியில் போதிய அளவு பெருகியிருக்கும் நிலை. போட்ட அம்மோனியா 24 மணி நேரத்துக்குள் மறைந்து, நைட்ரைட்டும் சுழியாகி, நைட்ரேட் தென்பட்டால் தொட்டி பக்குவப்பட்டுவிட்டது எனக் கொள்ளலாம்.

இந்த வரைவை ஏற்றால் பட்டியலையும் கொஞ்சம் மாற்ற வேண்டியிருக்கும். நீர்ச் சோதனைப் பெட்டி இப்போது ‘விருப்பமிருந்தால் வாங்கலாம்’ பகுதியில், அலங்காரக் கற்களுக்கும் கீழே கிடக்கிறது. பக்குவத்தைக் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள வழியில்லை. அதை விளக்குக்கு மேலே, வடிகட்டிக்கு அடுத்ததாக வையுங்கள்.

அன்புடன்.