பெட்டிங்கைச் சட்டப்படி அனுமதித்தால் ஆட்டம் சுத்தமாகுமா?

அம்மாபேட்டை ஸ்கோரர்:
சேலத்தில் 14 வருடமாக டென்னிஸ் பால் மேட்சுகளுக்கு ஸ்கோர் எழுதுகிறேன். போன மாதம் எங்கள் டீம் பையன், வயது 19, இடது கை வேகம், மேட்ச் முடிந்ததும் அழாத குறையாக வந்து நின்றான். "அண்ணா, மூணாவது ஓவர் முதல் பால் வைடு போட்டா ரெண்டாயிரம்னு ஒருத்தர் போன் பண்ணார்." அவன் போடவில்லை. நோட்டைத் திருப்பிப் பார்த்தேன், டாட் பால். ஆனால் இத்தனை வருடம் நான் எழுதிய வைடுகளை எல்லாம் நினைத்தால் இப்போது தூக்கம் வரவில்லை.

சட்டமாக்கிவிட்டால் இதெல்லாம் வெளிச்சத்துக்கு வந்து நின்றுவிடும் என்கிறார் நண்பர். தடுக்க முடியாவிட்டால் ஒழுங்குபடுத்தலாம் என்று 2018-ல் சட்ட ஆணையமே சொன்னதாம். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஏற்காட்டுக்காரன்:
அண்ணா, அமெரிக்காவைப் பாருங்கள். 2018 மே மாதம் உச்ச நீதிமன்றம் தடைச் சட்டத்தை ரத்து செய்தது. அப்புறம் மாநிலம் மாநிலமாகத் திறந்துவிட்டார்கள். 2024-ல் டொரண்டோ கூடைப்பந்து வீரர் ஜான்டே போர்ட்டருக்கு ஆயுள் தடை. ஒரு மேட்சில் 3 நிமிடம் ஆடிவிட்டு உடம்பு சரியில்லை என்று வெளியே போனார். அந்த மேட்சில் அவர் எடுக்கும் புள்ளி போன்ற ஆட்டக் கணக்கு குறைவாகத்தான் இருக்கும் என்று ஒருவர் 80,000 டாலர் கட்டியிருந்தார். ஜெயித்தால் 11 லட்சம் டாலர். டீம் தோற்க வேண்டியதே இல்லை. உங்கள் பையனிடம் கேட்டதும் அதைத்தானே?

வாழப்பாடி பவுலர்:
அந்தப் பணத்தை நிறுத்தி வைத்ததே சட்டப்படி பெட்டிங் நடத்தும் நிறுவனம்தான். இங்கே 2013 ஐபிஎல்லில் வீரர்கள் மூவரைப் பிடிக்க டெல்லி போலீஸ் போனை ஒட்டுக்கேட்க வேண்டியிருந்தது. திருட்டுத்தனமாகப் பெட் வாங்கும் புக்கியிடம் யார் போய்க் கணக்குக் கேட்பது?

ஏற்காட்டுக்காரன்:
சரி, பிடிபட்டது உண்மை. ஆனால் ஒற்றைப் பந்துக்குப் பெட் இருக்கும்வரை ஆசை காட்டுவது நிற்காது. 2010 லார்ட்ஸ் டெஸ்டில் பாகிஸ்தான் பவுலர்கள் பணத்துக்காகப் போட்ட நோ பாலும் அப்படித்தான். 2025 நவம்பரில் பேஸ்பால் பவுலர்கள் இருவர் மீது வழக்கு வந்த பிறகு, ஒரு பந்துக்கு 200 டாலருக்கு மேல் கட்டக் கூடாது என்று அங்கேயே வரம்பு வைத்தார்கள். சட்டம் வருகிறதோ இல்லையோ, முதலில் பந்துக்குப் பந்து பெட் கட்டுவது ஒழிய வேண்டும். அது சரி, உங்கள் மேட்ச் ஸ்கோர் புக்கிகளுக்கு உடனே எப்படிப் போகிறது?

அம்மாபேட்டை ஸ்கோரர்:
தம்பி, நான்தான் போன் ஆப்பில் ஒவ்வொரு பந்தாக ஏற்றுகிறேன். பையன்களின் வீட்டார் பார்க்கட்டும் என்றுதான் ஆரம்பித்தேன். வரும் ஞாயிற்றுக்கிழமை முதல் நோட்டில் மட்டும் எழுதுகிறேன். பையனுக்குப் போன் பண்ணியவர் நம்பரை டோர்னமென்ட் நடத்துபவரிடம் கொடுத்துவிட்டேன்.