படைத்துவிட்டு ஓடினவன் மேல் குற்றமா, படைக்கப்பட்டதன் மேல் குற்றமா?

வைகைவாசி:
எங்கள் படிப்பு வட்டத்தில் இந்த மாதம் மேரி ஷெல்லியின் ஃபிராங்கன்ஸ்டைன், 1818-ல் வந்த நாவல். படிக்காதவர்களுக்குச் சுருக்கமாக: விக்டர் ஃபிராங்கன்ஸ்டைன் என்கிற ஜெனீவாப் பையன் ஜெர்மனியில் இங்கோல்ஸ்டாட்டுக்குப் படிக்கப் போன இடத்தில், செத்த உடம்புகளிலிருந்து உறுப்புகளைச் சேர்த்து எட்டடி உயரத்துக்கு ஒரு உருவம் செய்து உயிரும் கொடுத்துவிடுகிறான். அது கண்ணைத் திறந்ததும் பார்க்கச் சகிக்காமல் ஓடிப்போகிறான். அது நாதியில்லாமல் திரிந்து, போன இடமெல்லாம் அடிபட்டு, கடைசியில் அவன் தம்பி, நண்பன், கல்யாணமான ராத்திரியே மனைவி என்று கொல்கிறது. ஃபிராங்கன்ஸ்டைன் என்பது அந்தப் பூதத்தின் பேர் என்று நிறையப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், இல்லை, அதற்குப் பேரே கிடையாது, பேர்கூட வைக்கவில்லை அந்தப் புண்ணியவான். என் கட்சி இதுதான்: முழுப் பொறுப்பும் விக்டருக்கே. மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்ற வேண்டாமா?

கோர்ட்டு வேப்பமரம்:
தம்பி, பழமொழியை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. விட்டுவிட்டு ஓடினது தப்பு, அதில் எனக்குச் சண்டை இல்லை. நம் சட்டத்திலேயே 12 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையைப் பெற்றவர்கள் கைவிட்டுப் போனால் 7 வருஷம் வரை ஜெயில் உண்டு, பழைய தண்டனைச் சட்டத்தில் 317-ஆம் பிரிவு, இப்போது அதற்குப் பதிலாக வந்த நியாய சன்ஹிதாவில் 93. ஆனால் அந்தப் பிள்ளை வளர்ந்து ஒருத்தனைக் குத்தினால் அந்தக் கொலைக்கு அப்பனைக் கூண்டில் ஏற்றமாட்டார்கள். இது வேறு கேஸ், அது வேறு கேஸ். அந்தப் பிறவி ஒன்றும் புத்தியில்லாத மிருகம் இல்லை. ஒளிந்திருந்தே பேச்சு கற்கிறது, எழுத்து கற்கிறது, மில்டன் என்கிற ஆங்கிலக் கவிஞரின் காவியத்தையே படிக்கிறது. விக்டரின் தம்பி, சின்னப் பையன் வில்லியத்தின் கழுத்தை நெரித்துப் போட்டுவிட்டு, அவன் கழுத்தில் அணிந்திருந்த சின்னப் படத்தைக் கழற்றி, ஒரு கொட்டகையில் தூங்கிக்கொண்டிருந்த வேலைக்காரப் பெண் ஜஸ்டினின் உடுப்பு மடிப்பில் வைக்கிறதே, அதற்கு எவ்வளவு நிதானம் வேண்டும்? கொலைப்பழி அவள்மேல் விழுந்து அந்தப் பெண்ணைத் தூக்கில் போட்டார்கள். அப்பன் கைவிட்டான் என்பது இதற்குப் பதிலா?

சும்மா வந்தவன்:
எட்டடி ஆளுக்கு 12 வயது வரம்பை எப்படிண்ணே போடுவது?

வைகைவாசி:
நல்லாக் கேட்டீங்க. நவம்பரில் உயிர் வருகிறது, வில்லியம் சாவது அடுத்தடுத்த வருஷம் மே மாசம். அதாவது அதற்கு இரண்டு வயதுகூட ஆகவில்லை. 7 வயதுக்குக் கீழே செய்தது குற்றமே ஆகாது என்று வக்கீலண்ணன் கையில் வைத்திருக்கிற அதே சட்டம்தானே சொல்கிறது?

கோர்ட்டு வேப்பமரம்:
சொல்கிறது. அறியாப் பிள்ளைக்காக எழுதினது அது. மில்டன் படிக்கிற பிள்ளைக்கு எழுதினது இல்லை.

விளாச்சேரி மண்:
நாங்கள் மண் வேலைக் குடும்பம். அய்யனாருக்குப் புரவி செய்து, சுட்டு, வண்ணம் அடித்து, கண் திறந்து கொடுத்தால் ஊர்க்காரர்கள் கொட்டுமேளத்தோடு தூக்கிக்கொண்டு போவார்கள். கோயிலில் இறக்கினதோடு எங்கள் வேலை தீர்ந்தது. அப்புறம் வெயிலிலும் மழையிலும் சாயம் போய், காது உடைந்து நிற்கும், செய்தவன் ஏன் வந்து பார்க்கவில்லை என்று இன்றுவரை ஒருத்தரும் கேட்டதில்லை. அந்தப் பையனும் கைவேலைக்காரன்தான், கிட்டத்தட்ட இரண்டு வருஷம் சோறு தண்ணி பார்க்காமல் உழைத்திருக்கிறான். நினைத்த மாதிரி வரவில்லை என்றால் மனசு எப்படி ஒடியும் என்று செய்கிறவனுக்குத்தான் தெரியும். அதையும் கொஞ்சம் யோசியுங்கள்.

திருமங்கலம் டீச்சர்:
அய்யா, புரவிக்குப் பசிக்காது.

மனசு ஒடிந்தது என்கிறீர்கள், சரி, அந்த ராத்திரியையே எடுத்துக்கொள்வோம். விக்டர் பயந்துபோய் வேறு அறையில் படுத்துக் கெட்ட கனவு கண்டு விழிக்கிறான். கட்டில் திரையைத் தூக்கிக்கொண்டு அது நிற்கிறது. வாயைத் திறந்து ஏதோ குழறுகிறது, முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று, ஒரு கையை நீட்டுகிறது. பிறந்து சில மணி நேரமே ஆன உயிர் வேறு என்ன செய்யும்? இவன் படியிறங்கி ஓடி, விடிய விடிய முற்றத்தில் நடக்கிறான். இதைக்கூட நான் மன்னிப்பேன், அருவருப்பும் பயமும் யாருக்கும் வரும். மன்னிக்க முடியாதது மறுநாள் நடக்கிறது. நண்பனோடு திரும்பி வந்து அறையைத் திறந்து பார்க்கிறான், அது போய்விட்டது. சந்தோஷத்தில் கைதட்டுகிறான்! எங்கே போயிருக்கும், தின்ன என்ன கிடைக்கும், யார் கையில் மாட்டும், ஒரு கேள்வி இல்லை. அது போட்டுக்கொண்டு போன உடுப்பின் பையில் இவனுடைய குறிப்புகள் இருந்தன. எழுத்து கற்ற பிறகு, தன்னை எப்படிச் செய்தான் என்பதை அது அவன் கையெழுத்திலேயே படிக்கிறது. அப்பன் விட்டுப்போன ஒரே சொத்து அதுதான்.

இத்தனைக்கும் நடுவில் அது ஒரு ஏழைக் குடும்பத்தின் வீட்டை ஒட்டிய கொட்டிலில் ஒளிந்திருந்தபோது, அவர்களே அரைவயிறு என்று தெரிந்ததும் அவர்கள் சாப்பாட்டைத் திருடுவதை நிறுத்திவிட்டுக் காய் கிழங்கு தின்கிறது, ராத்திரியில் விறகு வெட்டிக் கொண்டுவந்து வாசலில் போடுகிறது. அந்த வீட்டுக் கண் தெரியாத பெரியவர் ஒருவர்தான் அதோடு மரியாதையாகப் பேசினவர். கண் தெரிந்த மகன் வந்து தடியால் அடித்தான்.

கோர்ட்டு வேப்பமரம்:
டீச்சர், நீங்கள் சொல்வதைக் கேட்டால் யாருக்கும் மனசு இளகும். ஆனால் விக்டர் சாகிறபோது சொல்லும் கணக்கையும் பாருங்கள். அறிவுள்ள ஒரு உயிரைப் படைத்துவிட்டேன், அதன் நலத்தைப் பார்ப்பது என் கடமைதான், ஆனால் அதைவிடப் பெரிய கடமை மனுஷ இனத்துக்கு என்கிறான். அதனால்தான் துணைக்கு ஒரு பெண் வேண்டும் என்று அது கேட்டபோது முதலில் ஒத்துக்கொண்டவன், பாதி செய்த பிறகு கிழித்துப் போட்டான். இரண்டும் சேர்ந்து ஒரு வம்சம் கிளம்பினால் யார் பொறுப்பு? அங்கே அவன் பொறுப்பானவனாகத்தானே நடந்தான்?

வைகைவாசி:
அந்த யோசனை முதல் உருவத்துக்கு முன்னாடியே வந்திருக்கணும் அண்ணே.

விளாச்சேரி மண்:
டீச்சர் சொன்னது உறைத்தது. ஆனால் வளர்க்க முடியாதவன் என்னதான் செய்வான்? வழி சொல்லுங்கள்.

வைகைவாசி:
நம்ம உசிலம்பட்டிப் பக்கம் பெண் குழந்தைகளுக்கு என்ன நடந்தது என்று எல்லாருக்கும் தெரியும். அதைத் தடுக்கத்தான் 1992-ல் தமிழ்நாடு அரசு தொட்டில் குழந்தைத் திட்டம் கொண்டுவந்தது. வளர்க்க முடியவில்லையா, தொட்டிலில் வைத்துவிட்டுப் போ. அந்தத் திட்டத்தின் மேல் ஆயிரம் விமரிசனம் உண்டு, அது இங்கே வேண்டாம். கைவிடுகிறவர்களிடம்கூட நாம் எதிர்பார்ப்பது என்ன என்பதுதான் பேச்சு: இன்னொருத்தர் கண்ணில் படுகிற இடத்தில் வை, அவ்வளவுதான். விக்டர் அதைக்கூடச் செய்யவில்லை. பக்கத்திலேயே இருந்த நண்பனிடம்கூட மூச்சு விடவில்லை.

சும்மா வந்தவன்:
சொக்கநாதர் தாய்ப்பன்றியாக வந்து பால் கொடுத்த ஊர்க்காரர்கள் இதையெல்லாம் பேசாமல் யார் பேசுவது!

திருமங்கலம் டீச்சர்:
விளையாட்டாகச் சொன்னாலும் அது நல்ல எடுத்துக்காட்டு. திருவிளையாடல் புராணத்தில் பாண்டியன் வேட்டையில் தாய் செத்துப்போன பன்னிரண்டு குட்டிகள். அழகான உருவமா அது? பக்தர்கள் முகம் சுளிக்கிற உருவம். சாமி அதே உருவத்தை எடுத்துக்கொண்டு முலை கொடுக்கிறார், அப்புறம் அவர்களைப் பாண்டியனுக்கு மந்திரிகளாகவும் ஆக்குகிறார்.

கோர்ட்டு வேப்பமரம்:
சாமிக்கு முடியும். இவன் காய்ச்சலில் மாதக்கணக்கில் படுத்துக்கிடந்த மாணவன். வெளியே சொன்னால் பைத்தியம் என்பார்கள் என்று பயந்தான். சாட்சி கிடையாது, தடயம் கிடையாது. நான் அவன் வக்கீலாக இருந்தாலும் வாயைத் திறக்காதே என்றுதான் சொல்லியிருப்பேன்.

திருமங்கலம் டீச்சர்:
வக்கீல் சார், இதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். ஜஸ்டின் குற்றமற்றவள் என்று அந்த ஊரில் உறுதியாகத் தெரிந்த ஒரே ஆள் விக்டர். வழக்கு நடக்கும்போது அங்கேதான் உட்கார்ந்திருக்கிறான். மதகுரு மிரட்டி மிரட்டி அந்தப் பெண் செய்யாத கொலையைச் செய்ததாக ஒப்புக்கொள்கிறாள். இவன் பல்லைக் கடித்துக்கொண்டு, அவளைவிடத் தனக்குத்தான் வேதனை அதிகம் என்று புலம்புகிறான். பைத்தியம் என்பார்கள் என்று பயம், சரி. ஆனால் பிறகு தன் மனைவி எலிசபெத்தை அது கொன்றதும் நேரே ஜெனீவா மாஜிஸ்திரேட்டிடம் போய் ஆதியோடந்தமாகச் சொல்கிறானே! அவரும் பொறுமையாகத்தான் கேட்கிறார். அப்போதும் சாட்சி கிடையாதுதானே? வேலைக்காரப் பெண்ணுக்கு வராத வாய் தன் வீட்டுப் பெண்ணுக்கு மட்டும் எப்படி வந்தது?

விளாச்சேரி மண்:
இது நியாயமான கேள்வி.

கோர்ட்டு வேப்பமரம்:
நியாயம்தான். ஜஸ்டின் விஷயத்தில் அவனுக்காக நான் வாதாடமாட்டேன். ஆனால் அவளுக்கு அவன் பட்டது ஒரு கடன், அந்தப் பிறவிக்குப் பட்டது இன்னொரு கடன், இரண்டையும் ஒரே குற்றப்பத்திரிகையில் போட்டால் நான் விடமாட்டேன். படத்தை அவள் உடுப்பில் வைத்த கை அவன் கை இல்லை.

வைகைவாசி:
அந்தக் கையைத் தைத்தது யாராம்?

கோர்ட்டு வேப்பமரம்:
தம்பி, திரும்பவும் முதலிலிருந்தா. நாளைக்குக் காலையில் வாய்தா இருக்கிறது, அதை முடித்துவிட்டு வருகிறேன்.