ரேஷன் மெசேஜ், கைரேகை, படகு ஆய்வு: உங்கள் பக்கம் என்ன நடந்தது?

கொருக்குப்பேட்டை:

போலிப் பயனாளிகளைப் பிடிக்க அரசு என்னென்னவோ செய்கிறது, அதெல்லாம் நம் வடசென்னைத் தெருவில் வந்து இறங்கும்போது என்ன ஆகிறது என்று கொஞ்சம் எழுதுங்களேன். நானே ஆரம்பிக்கிறேன்.

2017ல் ரேஷனுக்கு ஸ்மார்ட் கார்டு வந்த புதிதில், கடைப் பக்கமே போகாத மாதத்தில் கூட சர்க்கரை, பருப்பு, பாமாயில் வாங்கிவிட்டதாக போனுக்கு மெசேஜ் வரும். அம்மா போய்க் கேட்டால் "தப்பா பில் விழுந்துடுச்சும்மா, அடுத்த மாசம் சேர்த்துத் தரேன்" என்பார் கடைக்காரர். அடுத்த மாதம் சரக்கு இருக்காது. ஆனாலும் அந்த மெசேஜ் நல்ல ஏற்பாடுதான் என்பேன், பழைய அட்டைக் காலத்தில் நம் பேரில் யார் என்ன எடுத்தார்கள் என்று யாருக்குத் தெரியும்? எங்கள் தெருவில் சிலருக்கு அதுவும் வராது. கார்டு பதிந்து கொடுத்த நெட் சென்டர்காரர் தன் நம்பரையே போட்டு வைத்திருந்தார், அத்தனை வீட்டு மளிகைக் கணக்கும் அவர் போனுக்குப் போய்க்கொண்டிருந்தது.

2020 அக்டோபரில் கைரேகை வந்தது. வாங்காத பாமாயிலுக்கு மெசேஜ் வருவது எங்கள் வீட்டில் அத்தோடு நின்றது, இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். சிக்கியது எதிர்வீட்டு ஆயா. காலமெல்லாம் ஐஸில் கை வைத்து இறால் உரித்தவர், விரலில் ரேகை என்று எதுவும் மிச்சமில்லை. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், ஈரத்துணியில் துடைத்து இன்னொரு தடவை, முந்தானையில் தேய்த்து இன்னொரு தடவை. மிஷின் சிவப்பாகவே எரியும். பின்னால் வரிசை முணுமுணுக்கும். "பேரனை அனுப்பு ஆயா" என்பார்கள். பேரனோ துறைமுகத்தில் லாரி ஓட்டுகிறான், அவன் வரும் நேரத்துக்குக் கடை பூட்டியிருக்கும். கடைக்கு வர முடியாத முதியவர்கள் வேறொருவரை நியமித்து வாங்கிக்கொள்ள படிவம் ஒன்று உண்டு என்று பக்கத்துத் தெரு டீச்சர் சொல்லித்தான் எங்களுக்கே தெரியும். கடையில் யாரும் மூச்சுவிடவில்லை. அப்புறம் கண் கருவிழி மிஷின் வந்தது, ஆயாவுக்குக் கண்ணில் புரை.

இப்போது இன்னொரு பக்கம் பாருங்கள். எங்கள் ஸ்டேஷனில் கும்மிடிப்பூண்டி, சூலூர்பேட்டை ரயிலில் ஏறுகிறவர்களுக்குத் தெரியும், ஆந்திரா பக்கம் கடத்தும் ரேஷன் அரிசி சீட்டுக்கு அடியில் மூட்டை மூட்டையாக இருக்கும். உணவுக் கடத்தல் தடுப்புப் போலீஸ் ஏறி "யாருதும்மா இது?" என்று கேட்டால் பெட்டியே ஜன்னலுக்கு வெளியே வேடிக்கை பார்க்கும். மூட்டையை இறக்கிப் பிளாட்பாரத்தில் போடுவார்கள், ஆள் கிடைக்காது. அந்த அரிசியில் பாதிக்கு மேல் முறைப்படி ரேகை வைத்து வாங்கியதாகத்தான் இருக்கும் என்பது என் கணிப்பு. விலையில்லா அரிசியை வாங்கி, வீட்டில் யாரும் சாப்பிடாததால் வாசலுக்கு வருகிறவனிடம் சில ரூபாய்க்குப் போட்டுவிடுகிறார்கள். அரிசி வேண்டாதவர்கள் சர்க்கரை கார்டாக மாற்றிக்கொள்ளலாம், யார் மாற்றுகிறார்கள்? விரல் யாருடையது என்று மிஷினுக்குத் தெரியும், சோறு யார் வீட்டில் வேகிறது என்று எப்படித் தெரியும்?

காசிமேடு:

அண்ணே, எங்கள் பக்கம் ரேகை இல்லை, நேரில் வந்தே பார்க்கிறார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், 61 நாள். அந்தச் சமயத்தில் ஒருநாள் மீன்வளத் துறை ஆட்கள் வந்து விசைப்படகுகளை வரிசையாக ஆய்வு செய்வார்கள். பதிவு எண், நீளம், இன்ஜின் குதிரைத்திறன், லைஃப் ஜாக்கெட் எல்லாம் பார்ப்பார்கள். காட்டாத படகுக்கு மானிய டீசல் நிற்கும். உடைத்து விற்ற படகின் பேரிலேயே டீசல் எடுத்துக்கொண்டிருந்த ஒருவர், "ரிப்பேருக்குப் போயிருக்கு சார்" என்றார். எந்த யார்டு என்று கேட்டதும் ஆள் கூட்டத்தில் கரைந்துவிட்டார். கம்ப்யூட்டரில் அந்தப் படகு சரியாகத்தான் இருந்தது.

தடைக்கால நிவாரணம்தான் சிக்கல், முன்பு 5,000, இப்போது 8,000 ரூபாய். உண்மையில் கடலுக்குப் போகிறவன் யார்? என் மச்சான் ஆட்டோ ஓட்டுகிறான், வஞ்சிரம் சீசனில் மட்டும் படகேறுவான். மீனவனா இல்லையா, நீங்களே சொல்லுங்கள். சங்கத்தில் நாலு பேரைக் கேட்டால் தெரிந்துவிடும் என்பார்கள், அந்த நாலு பேரும் அவனுக்கு மாமன் மச்சான்.

பழைய வண்ணாரப்பேட்டை:

2023ல் மகளிர் உரிமைத்தொகைக்கு மனுப் போட்டோம். ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்கு மேல் கரண்ட் என்றால் கிடையாது. எங்கள் காம்பவுண்டில் அத்தனை குடித்தனத்துக்கும் ஒரே மீட்டர், வீட்டுக்காரர் யூனிட் கணக்குப் போட்டு எங்களிடம் வசூலிக்கிறார். எல்லோரும் அதே இணைப்பு எண்ணைத்தான் எழுதினோம், பல வீட்டுக்கு நிராகரிப்பு. ஒரு பேன், ஒரு டிவி உள்ள வீடு தாள் கணக்கில் ஏசி பங்களா ஆகிவிட்டது. கள ஆய்வுக்கு வந்த பெண் வாசலில் நின்று மேலே கிடந்த வயர்களைப் பார்த்து, "இது எனக்கே புரியுதும்மா, ஆனா இதை எழுத இதுல இடமில்ல" என்றார்.

இன்னொன்று, அந்தப் பணம் வரும் முன் கணக்கைச் சரிபார்க்க 1 ரூபாய் போட்டார்கள் அல்லவா, அதையே சாக்காக வைத்து "ஓடிபி சொல்லுங்க" என்று எங்கள் அக்காவுக்கு ஒருவன் போன் செய்தான். அக்கா போனைத் தூக்கி மாமாவிடம் கொடுத்துவிட்டாள், மாமா வாயைத் திறந்தால் எவனும் நிற்கமாட்டான்.

கொருக்குப்பேட்டை:

ஏமாற்றுகிறவன் வேறு எங்கோ இருக்கிறான் என்றுதான் நானும் சொல்ல வந்தேன். 2020ல் விவசாயிகளுக்கு மத்திய அரசு பணம் தரும் பிஎம் கிசான் திட்டத்தில் தகுதியில்லாதவர்களுக்கு 110 கோடி ரூபாய் போனது, சிபிசிஐடி விசாரித்தது. அதிகாரிகளின் பாஸ்வேர்டை வைத்து உள்ளேயே ஆளைச் சேர்த்திருந்தார்கள், எந்த விவசாயியும் கடை வாசலில் விரலைத் தேய்த்துக்கொண்டு நிற்கவில்லை.

ரேஷனில் வாங்காததற்கு மெசேஜ் வந்தால் 1967க்கு அடியுங்கள். ஒரே மீட்டர் ஆட்கள் 2025 'உங்களுடன் ஸ்டாலின்' முகாமில் உரிமைத்தொகைக்கு மறுபடி மனுக் கொடுத்தீர்களா? கிடைத்திருந்தால் என்ன காகிதம் வைத்தீர்கள் என்று சொல்லுங்கள், எங்கள் தெருவிலும் கேட்கிறார்கள்.