புதிய விதிகளிலிருந்து பழையவற்றுக்கும், மீண்டும் புதியவற்றுக்கும்: கிளிநொச்சியில் எங்கள் ஆட்ட அனுபவம்

கிளிநொச்சியில் நாங்கள் சிலர் ஞாயிறு பின்னேரங்களில் கூடி டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் விளையாடுகிறோம்; ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பகடை உருட்டி ஆடும் மேசை விளையாட்டு இது. கதையை நடத்தும் பொறுப்பு என்னுடையது. 2014இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பில்தான் தொடங்கினோம். அதன் அடிப்படை விதித்தொகுப்பு 2023 சனவரியில் கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தின்கீழ் இலவசமாகக் கிடைத்ததால், வேண்டிய பக்கங்களை அச்செடுத்து வைத்துக்கொள்ள முடிந்தது. பின்னர் அதே விளையாட்டின் பழைய வடிவமான 1981ஆம் ஆண்டின் பேசிக் விதிகளுக்கு மாறி நீண்டதொரு கதையை முடித்துவிட்டு, இப்போது ஐந்தாம் பதிப்புக்குத் திரும்பியிருக்கிறோம். விதிகள் மாறினால் ஆட்டக்காரர் கேட்கும் கேள்விகளும் மாறிவிடுகின்றன என்பதே இதில் நான் கண்டது.

வெளிச்சத்தையே எடுத்துக்கொள்வோம். ஐந்தாம் பதிப்பில் ஒளி தரும் சிறு மந்திரத்தை எத்தனை தடவையும் சொல்லலாம்; கதையில் வரும் கற்பனை இனங்களான எல்வ்களுக்கும் குள்ளர்களுக்கும் இருட்டிலேயே கண் தெரியும். பழைய விதிகளிலோ ஒரு பந்தம் ஆறு சுற்றுகள்தான் எரியும், ஒரு சுற்று பத்து நிமிடம். எங்களுள் மூத்தவரான அக்கா, பொருளாதாரத் தடைக் காலத்தில் ஜாம் போத்தல் விளக்கில் படித்தவர். அவர் சீ.ஆர். கொப்பியின் ஓரத்தில் சுற்றுக்கொரு கோடு கீறிக்கொண்டே, ஒவ்வொரு திருப்பத்திலும் "தம்பி, இன்னும் எத்தனை பந்தம் கிடக்கு?" என்று என்னைக் கேட்பார். அந்தக் கேள்வியை ஐந்தாம் பதிப்பில் அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

குளக்கட்டுக்கு அடியில் புதைந்துபோன ஒரு சுரங்கத்தில், இரண்டு பந்தங்கள் மட்டுமே மிஞ்சியிருந்தபோது கொப்ளின்கள் எனும் குட்டிப் பூதங்கள் ஏழு எதிர்ப்பட்டன. பழைய விதிப்படி, எதிரே வருபவரின் மனநிலையை அறிய இரண்டு ஆறுமுகப் பகடைகளை உருட்டினேன், ஒன்பது விழுந்தது. தாக்காமல் விலகிப் போகும் அல்லது சொல்வதைக் கேட்கும் என்பது அதன் பொருள். அக்கா தம் பையிலிருந்த கருவாட்டை நீட்டி, மேலே ஏறும் வழியைக் கேட்டார். கால் மணி நேரம் பேரம் நடந்தது. வாள் உறையிலேயே இருந்தது.

இதற்கு விதியிலேயே காரணம் இருக்கிறது. பேசிக் விதிகளில் ஒரு கொப்ளினைக் கொன்றால் ஐந்து அனுபவப் புள்ளிகள்தான். போர்வீரர் இரண்டாம் லெவலுக்குப் போக 2,000 வேண்டும். வெளியே கொண்டுவரும் பொற்காசு ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி கிடைக்கும் என்பதால், சண்டையைத் தவிர்ப்பவரே முன்னேறுவார். ஐந்தாம் பதிப்பில் அதே கொப்ளினுக்கு ஐம்பது, இரண்டாம் லெவலுக்கு 300 போதும்.

பொறியியல் பீடத்தில் படிக்கும் தம்பிக்கு இந்த மாற்றம் கடினமாக இருந்தது. நான்குமுகப் பகடையில் உயிர்ப்புள்ளி பெற்ற அவருடைய மந்திரவாதி, முதல் அம்பிலேயே இறந்துபோனார். பழைய விதிகளில் உயிர்ப்புள்ளி பூச்சியம் என்றால் மரணம். ஐந்தாம் பதிப்பில் அப்படியல்ல என்பதை நான் பெரிதும் மதிக்கிறேன்: அண்மையில் அவருடைய பாத்திரம் விழுந்து, உயிர் பிழைக்க இருபதுமுகப் பகடையை இரண்டு முறை பத்துக்குக் கீழே உருட்டி, இன்னொன்றும் அப்படியே விழுந்தால் மரணம் என்ற நிலையில், மூன்றாவதில் இருபது விழுந்து எழுந்தபோது, அந்த மேசையில் எழுந்த ஆரவாரத்தைப் பழைய விதிகள் தந்திருக்கவே முடியாது.

ஆகவே ஒன்றை விட்டு மற்றதற்குப் போக விரும்புவோருக்கு, முதல் நாளிலேயே எந்த வகை ஆட்டம் என்பதை வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள் என்பேன். பந்தக் கணக்கை ஐந்தாம் பதிப்புக்குள் கொண்டுவர முயல வேண்டாம். ஒளி மந்திரம் இருக்கும்வரை அது வீண் வேலை. பழைய விதிகளின் மனநிலைப் பகடையும், எதிரிகள் நின்று சண்டையிடுவார்களா ஓடுவார்களா என்று பார்க்கும் துணிவுப் பகடையும் மட்டும் எந்தச் சிக்கலுமின்றிப் பொருந்துகின்றன. சென்ற வாரம் கொள்ளையருள் முதலாமவர் விழுந்ததும் துணிவுக்கு உருட்டினேன். அவர்களுடைய துணிவு எண்ணைத் தாண்டிப் பத்து விழ, மற்றவர்கள் ஓடிவிட்டார்கள். தம்பி துரத்தவில்லை, அவர்கள் போட்டுவிட்டுப் போன சாக்கில் என்ன இருக்கிறது என்றுதான் கேட்டார்.