இத்தாலிய ரெஸ்டாரண்டில் காக்டெய்லை எப்போது ஆர்டர் செய்வது?

முதல்பந்தி:
மனைவியின் பிறந்தநாளுக்கு கொஞ்சம் உயர்தரமான இத்தாலிய ரெஸ்டாரண்ட் ஒன்றில் டேபிள் புக் செய்திருக்கிறேன். மெனுவை முன்னாலேயே அனுப்பிவிட்டார்கள். சாப்பாட்டுப் பக்கம் ஓரளவு புரிகிறது, காக்டெய்ல் பக்கம்தான் தலையைச் சுற்றுகிறது. ஆலிவ் எண்ணெயில் 'ஃபேட் வாஷ்' செய்த ஜின்னாம், பார்மசான் நெக்ரோனியாம், தண்ணீர் போலத் தெளிவான மில்க் பஞ்ச்சாம்! ஒவ்வொரு கோர்ஸுக்கும் ஒன்று எடுப்பதா, ஒரே கிளாஸோடு ஓட்டிவிடலாமா? மனைவிக்குப் பால் அலர்ஜி. கூட வரும் மச்சினன் குடிப்பதில்லை, அவன் சோடாவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதும் எனக்குப் பிடிக்கவில்லை.

ஷேக்கர்:
பல வருடம் பார் கவுண்டருக்குப் பின்னால் நின்றவன் என்பதால் சொல்கிறேன்: கோர்ஸுக்கு ஒன்று வேண்டவே வேண்டாம். சாப்பாட்டுக்கு முன் ஒன்று, அப்புறம் வைனோ தண்ணீரோ. நெக்ரோனியில் ஜூஸே கிடையாது. ஜின், கம்பாரி என்ற கசப்பு மது, மூலிகை வைனான இனிப்பு வெர்மூத் மூன்றும் சம அளவு, மூன்றும் மதுதான். கசப்பு பசியைக் கிளப்பும் என்றுதான் அதை முதலில் குடிக்கிறார்கள். பாஸ்தா வந்தபிறகும் அதையே உறிஞ்சினால் சாஸின் ருசி தெரியாது.

ஃபேட் வாஷ் ஒன்றும் மாயமில்லை. மதுவில் எண்ணெயையோ உருக்கிய வெண்ணெயையோ கலந்து ஊறவைத்து ஃப்ரீசரில் வைப்பார்கள். கொழுப்பு உறைந்ததும் எடுத்துவிட்டு வடிகட்டினால் வாசனையும் ஒரு வழவழப்பும் மதுவில் தங்கிவிடும்.

உங்கள் விஷயத்தில் முக்கியமானது மில்க் பஞ்ச். எலுமிச்சைச் சாறு சேர்த்த மதுவைப் பாலில் ஊற்றுவார்கள், பால் திரியும். அந்தத் திரிதலே வடிகட்டியாகி நிறத்தையும் துவர்ப்பையும் பிடித்துக்கொள்ளும். கிளாஸில் பால் இருப்பதே தெரியாது. ஆனால் பால் திரிந்து பிரியும் தெளிநீரில் இருக்கும் புரதம் அப்படியே உள்ளே இருக்கும். மனைவி ஒரு வாய்கூடக் குடிக்கக்கூடாது. பார்மசான் சீஸ் சேர்த்த நெக்ரோனியும் அப்படித்தான். ஆலிவ் எண்ணெய் ஜின் பரவாயில்லை, ஆனாலும் அதில் வேறென்ன சேர்க்கிறார்கள் என்று கேட்டுவிடுங்கள்.

சோற்றுமூட்டை:
இந்த வித்தையெல்லாம் போட்டோவுக்குத்தான் சார். சாதா நெக்ரோனி வாங்குங்கள். 1919இல் ஃபிளாரன்ஸில் ஒரு பிரபு, தன் அமெரிக்கானோவில் (காபி இல்லை, கம்பாரி, வெர்மூத், சோடா சேர்ந்த காக்டெய்ல்) சோடாவுக்குப் பதில் ஜின் ஊற்றச் சொன்னதில் பிறந்தது என்பார்கள். அதற்குமேல் திருத்த என்ன இருக்கிறது?

ஷேக்கர்:
@சோற்றுமூட்டை, திருத்தியிருக்கிறார்களே! ஜின்னுக்குப் பதில் ஸ்பார்க்ளிங் வைன் ஊற்றினால் அதுதான் ஸ்பால்யாத்தோ, மிலானின் பார் பாஸ்ஸோவில் பிறந்தது. எனக்கு மூலத்தைவிட அதுதான் பிடிக்கும். மதுவும் குறைவு. பார்மசான் நெக்ரோனி விஷயத்தில் மட்டும் உங்கள் கட்சி, சீஸைத் தட்டில் வைத்தால் போதும்.

இஞ்சிமொரப்பா:
நானும் குடிப்பதில்லை. மச்சினனுக்கு க்ரொடீனோ அல்லது சான்பிட்டர் இருக்கிறதா என்று கேளுங்கள். இரண்டும் ஆல்கஹால் இல்லாத இத்தாலியக் கசப்புப் பானங்கள். ஐஸும் ஆரஞ்சுத் துண்டும் போட்டுக் கொண்டுவந்தால் யாரும் ஏன் குடிக்கவில்லை என்று கேட்கமாட்டார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியே எனக்குப் பாதி விருந்து போயிருக்கிறது.

முதல்பந்தி:
எல்லோருக்கும் நன்றி. மனைவிக்கு ரிசோட்டோ என்ற இத்தாலிய அரிசிச் சாதம் சொல்லலாமா? மெனுவில் காளான், வைன் என்றுதான் போட்டிருக்கிறது.

ஷேக்கர்:
வேண்டாம். ரிசோட்டோவை அடுப்பிலிருந்து இறக்கியதும் வெண்ணெயும் சீஸும் போட்டு அடித்துக் கிளறித்தான் முடிப்பார்கள், அதை மெனுவில் எழுதமாட்டார்கள். ஆலியோ எ ஒலியோ பாஸ்தா கேளுங்கள்: பூண்டு, ஆலிவ் எண்ணெய், மிளகாய், அவ்வளவுதான். மேலே சீஸ் தூவ வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள். இனிப்பில் சீஸ் சேர்ந்த திரமிசுவும் க்ரீமில் செய்யும் பன்னா கோத்தாவும் ஆகாது, பழ ஐஸான சொர்பெத்தோ பெரும்பாலும் சரிப்படும், கேட்டுக்கொள்ளுங்கள். அலர்ஜியை டேபிளில் உட்கார்ந்தபின் சொல்லாமல் முந்தைய நாளே போன் செய்து சொல்லுங்கள். கிச்சனுக்கும் பாருக்கும் தனித்தனியாகச் சொல்லச் சொல்லுங்கள், இரண்டும் பல இடங்களில் பேசிக்கொள்வதே இல்லை.