செண்டுமல்லி கூட வெச்சும் தக்காளி போச்சு, உங்களுக்கு இப்படி ஆனதுண்டா?

அல்சூர் மாடி:
பூச்சி, புழு அண்டாம இருக்கட்டும்னு மூணு வருஷமா மாடியில தக்காளிப் பையோட ஓரத்துல ரெண்டு செண்டுமல்லி நட்டுடுவேன், எல்லாரும் செய்யறதுதான். இந்தத் தடவை காய் பிடிச்ச நேரத்துல செடி மத்தியானம் தொங்கும், சாயங்காலம் நிமிரும். தண்ணி பத்தலைன்னு இன்னும் ஊத்தினேன். பத்தாவது நாள் நிமிரவே இல்லை. பிடுங்கினா, வேர் முழுக்க இஞ்சித் துண்டு மாதிரி கொத்துக்கொத்தா முடிச்சு. செடியில பதினோரு காய், எல்லாம் பச்சை. பக்கத்துல செண்டுமல்லி ஜம்முனு பூத்து நிக்குது. அந்த வேர் கண்ணை விட்டுப் போகவே மாட்டேங்குது.

பானஸ்வாடி:
அக்கா, இதைப் படிச்சுப் பயந்து, கத்திரிக்குத் துணையா போட்ட காராமணியைப் பிடுங்கிப் பார்த்தேன். அதுலயும் முடிச்சு! நாலு செடியையும் குப்பையில போட்டேன். சேலத்துலேர்ந்து வந்திருந்த மாமியார் ஒண்ணை எடுத்து நகத்தால கீறினாங்க. மணி மாதிரி உதிர்ந்துச்சு, உள்ளே ரத்தச் சிவப்பு. "இதுதாம்மா மண்ணுக்கு உரம், இதையா தூக்கிப் போட்டே?"ன்னாங்க. பூ விட்டிருந்த செடி.

விவேக்நகர்:
மிளகாய்க்கு நடுவுல கொத்தமல்லியைப் பூக்க விட்டேன். கறுப்பா, முள்ளு முள்ளா புழு வந்துச்சு, ஒண்ணு விடாம நசுக்கினேன். அது செடிச் சாறை உறிஞ்சற அசுவினிப் பூச்சியைத் தின்ன வந்த பொறிவண்டோட புழுன்னு பிறகுதான் தெரிஞ்சுது.

ஜாலஹள்ளி:
அல்சூர் அக்கா, செண்டுமல்லி மேல பழி போடாதீங்க. ரெண்டு விஷயத்தை ஒண்ணாக் குழப்பறோம். பெங்களூரு ஹெசரகட்டா தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தோட முறை, காயைத் துளைக்கிற காய்ப்புழுவுக்கு: 16 வரிசை தக்காளிக்கு 1 வரிசை செண்டுமல்லி. நடும்போது தக்காளி நாத்துக்கு 25 நாள், செண்டுமல்லிக்கு 45 நாள் வயசு. ரெண்டும் சேர்ந்து பூத்தாத்தான் அந்தப் புழுவோட தாய்ப்பூச்சி தக்காளியை விட்டுட்டு செண்டுமல்லியில போய் முட்டை வைக்கும். உங்களுக்கு வந்தது வேர்முடிச்சு நூற்புழு, மண்ணுல இருந்து வேருக்குள்ள புகுந்து வீங்க வைக்கிற நுண்ணிய புழு. அதுக்கு ஓரத்துல ரெண்டு செடி பத்தாது. தக்காளிக்கு முன்னாடியே அதே மண்ணுல செண்டுமல்லியை மட்டும் நெருக்கமா ரெண்டு மாசம் வளர்க்கணும், நூற்புழுவை அடக்கற வேலை நடக்கிறது செண்டுமல்லியோட வேர்லதான். நான் போன வருஷம் அப்படிச் செஞ்சு கத்திரி வெச்சேன், வேர் சுத்தமா இருந்துச்சு. பானஸ்வாடி சொன்னதையும் எல்லாரும் கவனிங்க: காராமணி மாதிரி பயறுச் செடியில மணியா உதிர்ந்தா மண்ணுக்கு உரமாகற நல்ல முடிச்சு, வேரே வீங்கி உதிராம இருந்தா நூற்புழு. முக்கியமா, அந்தப் பை மண்ணை வேற தொட்டிக்கு மாத்திடாதீங்க.

அல்சூர் மாடி:
நேத்தே கத்திரித் தொட்டி மூணுலயும் கொட்டிட்டேன். இன்னிக்கு மத்தியானம் வெயில்ல போய் நின்னு பார்த்தேன். இலை இன்னும் தொங்கலை.